டிக் நிற்கவில்லை, நோயின் பெயரும் உறுதியாகவில்லை: குழப்பம் எங்கிருந்து வருகிறது, அதுவரை என்ன செய்யலாம்

கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தலையை வெட்டி இழுத்தல், தொண்டையைச் செருமுதல் என்று, டிக் எனப்படும் அடங்காத அசைவுகளாலும் ஒலிகளாலும் மாதக்கணக்கில் அவதிப்படும் ஒருவர், ஒரு மருத்துவரிடம் "வெறும் பழக்கம்தான், தானாகப் போய்விடும்" என்றும், அடுத்தவரிடம் "டூரெட்டாக இருக்கலாம்" (அசைவும் ஒலியும் கொண்டு நீடிக்கும் டிக் கோளாறு) என்றும், மூன்றாமவரிடம் "இது செயல்சார் கோளாறு" (டிக்கைப் போலத் தோன்றினாலும் வேறு வழியில் எழும் அசைவுகள்) என்றும் கேட்டுவிட்டு வீடு திரும்புவது அரிதான நிகழ்வு அல்ல. எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அனைத்தும் இயல்பாக இருக்கின்றன. உடம்போ அடங்க மறுக்கிறது. இந்தக் குழப்பத்தில் ஒரு பகுதிக்கு மருத்துவ அறிவின் எல்லை காரணம். ஆனால் பெரும்பகுதிக்குக் காரணம், டிக் கோளாறுகளுக்குப் பெயர் சூட்டும் விதிகள் அமைந்திருக்கும் முறைதான். அந்த விதிகளைப் புரிந்துகொண்டால், பெயர் உறுதியாகும் வரை சிகிச்சை காத்திருக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை என்பதும் விளங்கும்.

டிக் என்பது எது

திடீரென, விரைவாக, தாளமில்லாமல், திரும்பத் திரும்ப வரும் அசைவையோ ஒலியையோ டிக் என்கிறோம். அசைவாக வருவது இயக்க டிக். மூக்கை உறிஞ்சுதல், செருமுதல், சிறு கூவல், சொல் என ஒலியாக வருவது குரல் டிக். கண் சிமிட்டலைப் போல ஓரிரு தசைகளோடு முடிந்துவிடுவது எளிய டிக். ஒரு பொருளைத் தொடுதல், குதித்தல், பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல் என ஒரு முழுச் செயலின் வடிவம் கொண்டது சிக்கலான டிக். ஆபாசச் சொற்கள் வாயில் வருவதுதான் டூரெட்டின் அடையாளம் என்ற பரவலான எண்ணம் தவறானது. டூரெட் உள்ள பத்துப் பேரில் ஓரிருவருக்கு மட்டுமே அது உண்டு.

டிக்கைப் பிற அசைவுகளிலிருந்து பிரித்துக் காட்டும் முக்கியமான குறி, அதற்கு முன்னால் வரும் உந்துதல். கழுத்திலோ கண்ணிமையிலோ தொண்டையிலோ ஓர் இறுக்கம், கூச்சம் அல்லது 'ஏதோ சரியாக இல்லை' என்ற உணர்வு, தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஏறும் நமைச்சலைப் போல மெல்லக் கூடிக்கொண்டே போகும். அசைவு நிகழ்ந்ததும் அது சற்றுத் தணியும். மிகச் சிறு குழந்தைகளால் இதைச் சொல்லத் தெரியாது. எட்டு முதல் பத்து வயதுக்கு மேல்தான் பலர் இதை அடையாளம் கண்டு விவரிக்கிறார்கள். இந்த உந்துதல் இருப்பதால்தான் டிக்கைச் சிறிது நேரம் அடக்கிவைக்க முடிகிறது. அடக்க முடிகிறது என்பதை வைத்து 'வேண்டுமென்றே செய்கிறான்' என்று முடிவு கட்டுவது, வீட்டிலும் வகுப்பறையிலும் நிகழும் அநியாயங்களில் முதன்மையானது.

டிக்குகள் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. சில வாரங்கள் ஏறும், சில வாரங்கள் இறங்கும். கண்ணில் இருந்தது கழுத்துக்குப் போகும். களைப்பு, பதற்றம், அளவு மீறிய உற்சாகம் ஆகியவை அவற்றைக் கூட்டும். மனம் ஒன்றிச் செய்யும் வேலை குறைக்கும். டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் வருவதும் உண்டு. இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து ஒரு நடைமுறைச் சிக்கல் பிறக்கிறது. டிக் உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் மருந்தைத் தேடிப் போகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம் வரும். ஆகவே அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும், எதைத் தவிர்த்திருந்தாலும், அதனால்தான் குணமானது என்று தோன்றும். டிக்குக்கென விற்கப்படும் பல சத்து மாத்திரைகளின் புகழ் இந்த இறக்கத்தின் மீதுதான் நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பெயர்கள் எந்த அடிப்படையில் பிரிகின்றன

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு டிக் கோளாறுகளைப் பின்வருமாறு பிரிக்கிறது.

1. தற்காலிக டிக் கோளாறு: இயக்க டிக், குரல் டிக் எதுவாயினும், தொடங்கி ஓராண்டு ஆகாதது.

2. தொடர் டிக் கோளாறு: இயக்க டிக் மட்டுமோ குரல் டிக் மட்டுமோ ஓராண்டுக்கு மேல் நீடிப்பது.

3. டூரெட் கோளாறு: ஒன்றுக்கு மேற்பட்ட இயக்க டிக்குகளும் குறைந்தது ஒரு குரல் டிக்கும் ஏதாவது ஒரு காலத்தில் இருந்து, முதல் டிக் தோன்றி ஓராண்டு கடந்திருப்பது. இரண்டு வகையும் ஒரே சமயத்தில் இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை.

4. மேற்சொன்ன மூன்றும் 18 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பின் தொடங்கியவையும் இவ்விதிகளுக்குள் அடங்காதவையும் தனித் தலைப்பில் வைக்கப்படுகின்றன.

இந்தப் பட்டியலைக் கவனித்தால், பெயர்களைப் பிரிக்கும் கோடு காலமும் வகையும்தான் என்பது தெரியும். நோயின் கடுமை அதில் இடம்பெறவில்லை. ஒன்பதாவது மாதத்தில் மருத்துவரைப் பார்ப்பவருக்கு, அவருடைய டிக் எத்தனை கடுமையாக இருந்தாலும், 'தற்காலிகம்' என்ற பெயரைத்தான் விதி தருகிறது. ஓராண்டு கழிந்ததும், உடம்பில் எதுவும் மாறாமலேயே பெயர் மாறுகிறது. இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் இடையே சில நேரம் ஒரு மூக்குறிஞ்சல் மட்டுமே வேறுபாடாக நிற்கிறது. அந்த உறிஞ்சலை ஒரு மருத்துவர் குரல் டிக்காகக் கொள்வார், இன்னொருவர் மூக்கடைப்பாகக் கொள்வார். கழுத்து நோகும் அளவுக்குத் தலையை வெட்டி இழுக்கும் ஒருவர் 'தொடர் இயக்க டிக்' என்ற சாதுவான பெயரோடும், எப்போதாவது கண் சிமிட்டிச் செருமும் இன்னொருவர் 'டூரெட்' என்ற கனமான பெயரோடும் இருப்பது இந்த முறையில் முற்றிலும் சாத்தியம்.

விதிகளும் நிலையாக இருந்ததில்லை. பிரெஞ்சு மருத்துவர் ழில் த லா டூரெட் 1885இல் ஒன்பது நோயாளிகளை விவரித்ததிலிருந்து வந்த பெயர் இது. டி.எஸ்.எம். கையேட்டின் முந்தைய பதிப்பில், இடையே தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் டிக் இல்லாமல் இருந்திருந்தால் டூரெட் என்று சொல்லக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது; 2013இல் அது நீக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் பத்தாம் பதிப்பு டிக்குகளை மன, நடத்தைக் கோளாறுகளின் கீழ் வைத்திருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பு அவற்றை நரம்பு மண்டல நோய்களின் கீழ் கொண்டுவந்தது. ஒரே நோயாளிக்கு நரம்பியல் மருத்துவர் ஒரு விளக்கமும் மனநல மருத்துவர் ஒரு விளக்கமும் தருவதில் வியப்பதற்கு அதிகமில்லை.

பரிசோதனைகள் ஏன் பதில் தருவதில்லை

டிக் கோளாற்றை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்று இல்லை. மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் உட்பகுதிகளான அடித்தள முடிச்சுகளுக்கும், அங்கிருந்து மற்றோர் உட்பகுதியான தலாமஸுக்கும், மீண்டும் புறணிக்கும் சுற்றிவரும் நரம்புப் பாதைகளில்தான் கோளாறு இருக்கிறது என்பதும், டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு அதில் பங்குண்டு என்பதும் பரவலாக ஏற்கப்பட்டவை. ஆனால் இது பாதைகள் இயங்கும் விதத்தில் உள்ள வேறுபாடு, எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியாகவோ தழும்பாகவோ தெரியக்கூடியது அல்ல. மரபின் பங்கு பெரிது என்றாலும் ஒற்றை மரபணுவைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை.

அப்படியானால் இந்தப் பரிசோதனைகள் எதற்கு? வேறு நோய்களை விலக்குவதற்கு. ஆகவே 'எல்லாம் இயல்பு' என்ற அறிக்கையை 'உனக்கு ஒன்றுமில்லை' என்று வாசிப்பது பிழை. 'தேடிய வேறு நோய்கள் இல்லை' என்பதுதான் அதன் பொருள். வழக்கமான வயதில் தொடங்கிய வழக்கமான டிக்குகளுக்குப் பெரும்பாலும் எந்தப் பரிசோதனையும் தேவைப்படாது. பார்த்தும் கேட்டும் அறிவதுதான் அங்கே பரிசோதனை. அங்கேயும் ஓர் இடைஞ்சல் உண்டு. மருத்துவரின் அறையில் நோயாளி தன்னை அறியாமலேயே டிக்கை அடக்கிக்கொள்கிறார். கதவைத் தாண்டியதும் அது கொட்டித் தீர்க்கிறது.

எவற்றோடு குழம்பலாம்

குழந்தைகளின் கண் சிமிட்டல் முதலில் கண் மருத்துவரிடமும், செருமலும் உறிஞ்சலும் ஒவ்வாமை மருத்துவரிடமும் போவது வழக்கம். அதில் தவறில்லை, சொட்டு மருந்தும் இருமல் மருந்தும் மாதக்கணக்கில் பலனின்றித் தொடராத வரை. நரம்பியலில் குழப்பம் தருபவை வேறு.

மயோக்ளோனஸ் என்பது மின்வெட்டுப் போன்ற தசைத் துள்ளல். முன் உந்துதல் இல்லை, அடக்கவும் முடியாது. கொரியா என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒழுங்கின்றி வழிந்தோடும் அசைவு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பின் சிறுவர்களுக்கு வரும் சிடனம் கொரியாவை டிக் என்று எண்ணி விட்டுவிட்டால், அதோடு சேர்ந்துவரும் வாதக் காய்ச்சலின் இதயப் பாதிப்பும் கவனிக்கப்படாமல் போகும். டிஸ்டோனியாவில் தசை முறுக்கிக்கொண்டு நீடித்து நிற்கும். வலிப்பில் நினைவு மங்குவது ஒரு குறி. டிக்கில் நினைவு தெளிவாகவே இருக்கும். மூன்று வயதுக்கு முன்பே தொடங்கி, ஆண்டுக்கணக்கில் ஒரே வடிவத்தில், மகிழ்ச்சியின்போது கைகளை உதறுவது போல வருவது பெரும்பாலும் 'ஒரேவகை இயக்கம்' (ஸ்டீரியோடைப்பி) எனப்படும் வேறொரு நிலை. அதை அந்தக் குழந்தை விரும்பியே செய்யும். அச்சத்தைத் தணிக்கவோ எண்ணிக்கை சரியாக வரவோ செய்யப்படும் சடங்கு, எண்ணச் சுழல் நோயில் (ஓ.சி.டி.) வரும் கட்டாயச் செயலின் பக்கம் சேரும்; ஆனால் 'சரியாக வரும்வரை' தொடுவது டிக்கா கட்டாயமா என்று பிரிக்க முடியாத இடங்களும் உண்டு, அங்கே பிரித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்துவதில் நோயாளிக்குப் பயன் குறைவு.

பெரியவர்களுக்குப் புதிதாகத் தொடங்கும் டிக் தனிக் கவனம் பெற வேண்டியது. அவர்களில் பலருக்கு அது புதிதே அல்ல. சிறுவயதில் இருந்து மறந்துபோன டிக் திரும்பி வந்திருக்கும். 2003இல் வெளியான சிறிய காணொளி ஆய்வு ஒன்றில், தமக்கு டிக் முற்றிலும் நின்றுவிட்டது என்று நம்பிய பெரியவர்களில் பாதிப்பேரிடம் டிக்குகள் பதிவாகியிருந்தன. பழைய வரலாறு இல்லாதபோது, நெடுநாள் எடுத்த டோபமைன் தடுப்பு மருந்துகள், போதைப் பொருள்கள், தலைக்காயம், பக்கவாதம், ஹன்டிங்டன் போன்ற மரபு நோய்கள் ஆகியவற்றை மருத்துவர் தேடுவார். உடலில் செப்பு சேர்ந்துவிடும் வில்சன் நோய் அரிதானதுதான்; ஆனால் சிகிச்சை உள்ள நோய் என்பதால், இளைஞர் ஒருவரின் அசைவுக் கோளாறு வழக்கத்துக்கு மாறாக இருந்தால் செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் செப்பைச் சுமக்கும் புரதம்), சிறுநீர்ச் செப்பு, கண் பரிசோதனை ஆகியவற்றைக் கேட்பது நியாயமான எச்சரிக்கை.

செயல்சார் டிக்: இன்று அதிகம் சச்சரவு தரும் பெயர்

2020 முதல், பெருந்தொற்றுக் காலத்தில், பல நாடுகளின் டிக் சிகிச்சை மையங்கள் ஒரு புதிய போக்கைப் பதிவுசெய்தன. பெரும்பாலும் வளரிளம் பெண்கள். சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ திடீரெனத் தொடங்கிய தீவிரமான அசைவுகள். கண் சிமிட்டலில் தொடங்காமல் நேராகவே கை வீச்சு, தன்னைத்தானே அடித்தல், முழு வாக்கியங்கள், ஆபாசச் சொற்கள். வழக்கமான டிக் இதற்கு நேர்மாறான வழியில் வரும்: நான்கு முதல் ஆறு வயதில் முகத்தில் மெதுவாகத் தொடங்கும், பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சம் தொடும், பதின்ம வயதின் பிற்பகுதியில் பலருக்குத் தணியும், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம் காணப்படும். டிக் உள்ளவர்களின் காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தனிமை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் பங்கையும் மருத்துவர்கள் கண்டார்கள். காணொளியை மட்டும் குற்றவாளியாக்குவது எளிதான விளக்கம்; அதே காணொளிகளைப் பார்த்த மற்ற எல்லோருக்கும் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது.

செயல்சார் கோளாறு என்றால் நடிப்பு என்று பொருளல்ல. அசைவு நோயாளியின் விருப்பத்தை மீறியே நிகழ்கிறது. ஆனால் சிகிச்சையின் போக்கு மாறுகிறது. டிக்குக்கான டோபமைன் தடுப்பு மருந்துகள் இதில் பொதுவாகப் பலன் தருவதில்லை. கோளாற்றைத் தெளிவாக விளக்குவது, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, உடனிருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவம், அசைவு வரும்போதெல்லாம் சுற்றியிருப்பவர்கள் பதறி ஓடிவராமல் இருப்பது ஆகியவை பலன் தருகின்றன. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம் என்பதுதான் கடினமான பகுதி: சிறுவயது முதல் மெல்லிய டிக் உள்ள ஒருவருக்கு, பின்னாளில் அதன் மேல் செயல்சார் அசைவுகள் வந்து படியலாம். அப்போது 'இதுவா அதுவா' என்ற கேள்வியைவிட, எந்த அசைவு எந்த வகை என்று தனித்தனியாகப் பிரிப்பது பொருத்தமானது. பெயரை ஒரு தீர்ப்பைப் போல எறிந்துவிட்டு, எதனால் அந்த முடிவுக்கு வந்தோம் என்று விளக்காத மருத்துவரிடம் விளக்கம் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

பெயர் உறுதியாவதற்கு முன்பே தொடங்கக்கூடியவை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, டிக் வாழ்க்கையை எந்த அளவுக்குக் குலைக்கிறது என்பது. யேல் அளவுகோல் எனப்படும் மதிப்பீட்டு முறையில் மொத்தம் 100 புள்ளிகள். அதில் டிக்குகளுக்கு 50, அவற்றால் வரும் பாதிப்புக்கு 50. வலி, படிப்பிலோ வேலையிலோ தடை, பிறரின் கேலி எதுவும் இல்லையெனில், கவனித்துக்கொண்டு காத்திருப்பதையும் ஒரு வழியாக அமெரிக்க நரம்பியல் அகாதமியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஏற்கிறது. பாதிப்பு இருந்தால், அதே வழிகாட்டுதல் முதலில் பரிந்துரைப்பது மருந்தை அல்ல, நடத்தைச் சிகிச்சையை.

சி.பி.ஐ.டி. (டிக்குக்கான முழுமையான நடத்தைச் சிகிச்சை) என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்தச் சிகிச்சையின் கரு எளிமையானது. நோயாளி முதலில் தன் உந்துதலைக் கூர்ந்து அடையாளம் காணப் பழகுகிறார். பின்னர், உந்துதல் எழுந்ததும், அந்த டிக்கோடு ஒரே நேரத்தில் நிகழ முடியாத ஒரு மாற்றுச் செயலைச் செய்கிறார். தலையைப் பக்கவாட்டில் வெட்டி இழுப்பவர், தாடையைச் சற்று உள்ளிழுத்து, கழுத்துத் தசைகளை மெதுவாக இறுக்கி, பார்வையை நேரே நிறுத்துவார். உந்துதல் தணியும் வரை, அல்லது குறைந்தது ஒரு நிமிடம், அப்படியே இருப்பார். செருமுபவர் வாயை மூடி மூக்கு வழியே மெல்லச் சீராக மூச்சு விடுவார். மாற்றுச் செயல் வெளியே தெரியாததாக, வேலைக்கு இடையிலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அத்தோடு, டிக் எந்தச் சூழலில் கூடுகிறது, அதற்குச் சுற்றியுள்ளவர்கள் என்ன எதிர்வினை தருகிறார்கள் என்று ஆராய்ந்து அவற்றையும் மாற்றுவார்கள். 2010இல் வெளியான ஆய்வில் 126 சிறார்கள் பங்கேற்றனர். பத்து வாரங்களில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 52.5 சதவீதமும், ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதமும் தெளிவான முன்னேற்றம் கண்டனர். பெரியவர்களிடம் 2012இல் வெளியான இணை ஆய்வில் இந்த எண்கள் 38.1, 6.4 என்று இருந்தன. சுமார் பாதிப்பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ மட்டுமே பலன் என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. பலன் கிடைக்காதவர் முயற்சியில் குறைவைத்தார் என்று முடிவு செய்யக் கூடாது. அடக்கினால் பிறகு இரட்டிப்பாக வரும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆய்வகத்தில் அதைச் சோதித்தபோது, அடக்கிய பின் டிக்குகள் தொடக்க நிலையை மீறி எகிறவில்லை. ஆனால் நாள் முழுவதும் அடக்குவது தரும் களைப்பு உண்மையானது.

உடனிருக்கும் நோய்களை முதலில் கவனிப்பது பல வேளைகளில் அதிகப் பலன் தரும். டூரெட் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கவனக்குறைவுக் கோளாறு (ஏ.டி.எச்.டி.), எண்ணச் சுழல் நோய், பதற்றம் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கிறது. நோயாளியைக் கேட்டால் டிக்கைவிட அவைதான் அதிகம் வாட்டுகின்றன என்பார். கவனக்குறைவுக்குத் தரும் தூண்டு மருந்துகள் டிக்கைக் கூட்டும் என்று நெடுங்காலம் அஞ்சப்பட்டது. தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் அந்த அச்சத்தைப் பொதுவாக உறுதிப்படுத்தவில்லை.

மருந்துகளில் குளோனிடின், குவான்ஃபசின் ஆகியவை மென்மையானவை. தூக்கக் கலக்கமும் ரத்த அழுத்தக் குறைவும் வரலாம், குளோனிடினைச் சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவை வலுவானவை. உடல் எடை கூடுதல், சோர்வு, நெடுநாள் உபயோகத்தில் புதிய அசைவுக் கோளாறு ஆகியவை அவற்றின் விலை. நோயின் பெயரே ஐயமாக இருக்கும்போது வலுவான மருந்தில் அவசரப்படாமல் இருப்பது நல்லது. ஒரே தசையில் நிலைத்துவிட்ட டிக்குக்கு, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி உதவலாம். இந்த மருந்துகள் எவையும் நோயை வேரோடு எடுப்பதில்லை. முழுக்க நிறுத்துவது என்ற இலக்கை வைத்தால் மருந்தின் அளவுதான் ஏறிக்கொண்டே போகும்.

மருத்துவரிடம் எதைக் கொண்டுபோவது

கைப்பேசியில் எடுத்த காணொளிகள், அவற்றிலும் அமைதியாக இருக்கும்போது ஒன்று, மோசமான நேரத்தில் ஒன்று, எந்த ஸ்கேனைவிடவும் பயன் தரும். முகமும் கைகால்களும் சேர்ந்து தெரிய வேண்டும்; ஒலியை நீக்கக் கூடாது. முதல் டிக் எது, எந்த வயதில், எந்த வரிசையில் மாறியது, குடும்பத்தில் எவருக்கு இருந்தது, எந்த மருந்து எப்போது தொடங்கப்பட்டது என்ற ஒரு பக்கக் குறிப்பு போதும். ஒவ்வொரு டிக்கையும் நாள்தோறும் எண்ணுவது வேண்டாம். கவனம் குவியக் குவிய டிக் கூடும். கேட்க வேண்டிய கேள்விகளில் மூன்று முக்கியமானவை: எந்தெந்த நோய்களை விலக்கிவிட்டீர்கள், எவை இன்னும் ஐயத்தில் உள்ளன, எந்த மாற்றம் நேர்ந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?

காத்திருக்கக் கூடாத நிலைகள்

'தானாகப் போய்விடும்' என்ற ஆறுதல் கீழ்க்காணும் நிலைகளுக்குப் பொருந்தாது.

1. அசைவின்போது நினைவு தப்புதல், அல்லது பின்னர் நடந்தது நினைவில் இல்லாமை.

2. பேச்சுக் குழறல், நடை மாற்றம், அறிவுத்திறன் சரிவு, புதிய மனநல மாற்றங்கள் டிக்கோடு சேர்ந்து வருதல்.

3. கழுத்தை வேகமாக வெட்டி இழுக்கும் டிக் உள்ளவருக்குக் கைகால்களில் மரத்துப்போதல், வலுக்குறைவு, சிறுநீர் அடக்க முடியாமை. கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருக்கலாம் என்பதால் இது அன்றைக்கே பார்க்க வேண்டியது.

4. காய்ச்சல், தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வழிந்தோடும் அசைவுகளும் கைப்பிடித் தளர்ச்சியும்.

5. தன்னைக் காயப்படுத்தும் டிக், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம். டூரெட் உள்ளவர்களிடம் தற்கொலை ஆபத்து பொது மக்களைவிட அதிகம் என்பது பெரிய மக்கள்தொகை ஆய்வில் தெரியவந்தது. இத்தகைய பேச்சை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாமல் உடனே மனநல உதவியை நாட வேண்டும்.

இவை எதுவும் இல்லாத ஒருவருக்கு, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அதே மருத்துவரிடம் மறுமதிப்பீடு செய்துகொள்வது, ஒவ்வொரு முறையும் புதிய மருத்துவரைத் தேடுவதைவிட மேலானது. முன்பு பார்த்த அசைவையும் இப்போதைய அசைவையும் ஒரே கண் ஒப்பிட்டால்தான், காலத்தை வைத்துப் பெயர் சூட்டும் இந்த முறையில் பெயர் ஒரு நிலைக்கு வரும்.